பார்க்கின்சன் நோயை முன்கூட்டிச் சொல்லும் சோதனை: முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கருவிழி

இந்தக் களத்தில் நெடுநாளாக வாசிக்க மட்டுமே செய்தவள், இன்று ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

எங்கள் தந்தைக்கு 63 வயதில் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. 14 ஆண்டுகள் அதோடு வாழ்ந்து மறைந்தார். என் அண்ணனுக்கு இப்போது 58 வயது. கை நடுக்கம் இல்லை, நடை மாறவில்லை, கையெழுத்தும் சிறுக்கவில்லை. ஆனால் ஐந்தாறு ஆண்டுகளாகத் தூக்கத்தில் கத்துகிறார், கையை ஓங்குகிறார், உதைக்கிறார். துரத்தி வந்த நாயை உதைப்பதாகக் கனவு கண்ட ஓர் இரவில் கட்டிலோரத்து மேசையை உதைத்துக் கால் பெருவிரலை முறித்துக்கொண்டார். அண்ணி நடுவில் தலையணைகளை அடுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் வேறு கட்டிலுக்கே மாறிவிட்டார். தூக்க ஆய்வகத்தில் ஓரிரவு முழுக்க வைத்துப் பார்த்து, கனவுத் தூக்க நடத்தைக் கோளாறு என்று உறுதி செய்தார்கள்.

அதே குழு இப்போது ஓர் ஆய்வுக்காக அவரிடம் முதுகுத்தண்டு நீர் கேட்டிருக்கிறது. அதில் ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் உருக்குலைந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம். ஒப்புதல் படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன: ‘என் முடிவை எனக்குத் தெரிவியுங்கள்’, ‘தெரிவிக்க வேண்டாம்’, ‘பின்னர் முடிவு செய்கிறேன்’. மற்ற எல்லா இடத்திலும் கையொப்பமிட்டுவிட்ட அண்ணன், அந்த மூன்று கட்டங்களை மட்டும் வெறுமையாக விட்டு, “நீ படித்துப் பார்த்துச் சொல்லு” என்று என்னிடம் கொடுத்துவிட்டார். நான் கணிதம் கற்பிப்பவள், மருத்துவம் தெரியாது. இந்தச் சோதனை உண்மையில் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தெளிநீர்

தூக்க மருத்துவத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

கனவு காணும் வேளையில் உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும்படி மூளைத்தண்டு பார்த்துக்கொள்கிறது. அந்தப் பூட்டு கழன்றுவிட்டால் மனிதர் தம் கனவை நடித்துக்காட்டத் தொடங்கிவிடுகிறார். கார்லோஸ் ஷென்க், மார்க் மஹோவால்ட் ஆகியோர் 1986இல் இதைத் தனியொரு கோளாறாக விவரித்தபோது பலரும் இதை வேடிக்கையான தூக்கக் குறையாகவே கருதினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, அதே குழு தாம் தொடர்ந்து கண்காணித்த, 50 வயதைக் கடந்த 29 ஆண்களில் 38 சதவீதத்தினருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்திருப்பதைத் தெரிவித்தது. 2019இல் வெளியான பெரிய ஆய்வு 24 மையங்களைச் சேர்ந்த 1280 பேரைத் தொடர்ந்து பார்த்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6.3 சதவீதத்தினர் என்ற கணக்கில், 12 ஆண்டு முடிவில் 73.5 சதவீதத்தினர் பார்க்கின்சன் நோய்க்கோ அதன் உறவு நோய்களுக்கோ ஆளாகியிருந்தனர்.

ஆகவே, ஊசி குத்துவதற்கு முன்பே உங்கள் அண்ணனைப் பற்றிய செய்தியில் பெரும்பங்கு அந்த ஓரிரவுத் தூக்க ஆய்விலேயே வந்துவிட்டது. இந்தக் கோளாறு உள்ளவர்களிடம் முதுகுத்தண்டு நீரைச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு நேர்மறையாகவே வருகிறது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் இதே போன்ற நடத்தையைத் தூண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயும் இதுபோலவே வேடம் போடும். கனவுத் தூக்கத்தின்போது தாடைத் தசை தளராமல் இருந்தது பதிவாகியிருந்தால்தான் கண்டறிதல் உறுதி.

மூன்றாம்படி

தெளிநீர் ஐயா, மன்னிக்கவும். கருவிழி கேட்டது முடிவைத் தெரிந்துகொள்ளலாமா என்பதை. தாங்கள் அதற்கு விடை சொல்வதற்கு முன்பே முடிவில் முக்கால்வாசியைச் சொல்லிவிட்டீர்கள். அந்த எண்ணைக் கேட்க விரும்புகிறாரா என்று அவரிடம் யார் கேட்டார்கள்?

கருவிழி

இரண்டு நாள் இந்தப் பக்கம் வராமல் இருந்ததற்குக் காரணம் அந்த 73.5தான். தெளிநீர் ஐயாமீது எனக்குக் கோபமில்லை. கேள்வி கேட்டவள் நான். ஆனால் தூக்க ஆய்வின் முடிவைக் கொடுத்த நாளில், “சிலருக்குப் பிற்காலத்தில் நரம்பு தொடர்பான சிக்கல்கள் வரலாம், ஆண்டுக்கொருமுறை வந்து காட்டுங்கள்” என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. ‘சிலருக்கு’ என்ற சொல்லை நாங்கள் நூற்றில் ஐந்து பேர் என்று எடுத்துக்கொண்டோம். இப்போது என் கையில் ஓர் எண் இருக்கிறது, அண்ணன் கையில் இல்லை. நேற்று அவர் தொலைபேசியில் அழைத்தபோது, வேலையாக இருப்பதாகச் சொல்லிச் சீக்கிரம் வைத்துவிட்டேன்.

தெளிநீர்

மூன்றாம்படி சொன்னது சரியே. என் மருத்துவ அறையில் இந்தத் தவறைச் செய்யமாட்டேன். அங்கே, “இந்தக் கோளாறு பின்னாளில் எங்கே கொண்டுபோய் விடலாம் என்பது பற்றி இன்று எவ்வளவு பேசலாம்?” என்று கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பேன். சிலர், “எல்லாவற்றையும் சொல்லுங்கள்” என்பார்கள். சிலர், “என் மனைவி இல்லாத நேரத்தில் வேண்டாம்” என்பார்கள். ஒருவர், “தூக்கத்துக்கு மாத்திரை கொடுங்கள், போதும்” என்று சொல்லி எழுந்துவிட்டார். மூன்றாண்டு கழித்து அவரே கேட்டார். இங்கே விசைப்பலகையின் முன்னால் அந்தப் பழக்கம் எனக்கு மறந்துபோயிற்று. கருவிழி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் என் கருத்தின் மறுபாதியைத் திரும்பப் பெறவில்லை. அந்தப் படிவத்தில் மூன்று கட்டங்கள் போட்டவர்கள், தூக்க ஆய்வு நடந்த அன்றே அதே மூன்று கட்டங்களைக் கொடுத்திருக்க வேண்டும். முன்னறிவிப்பு அங்கேதான் தொடங்கியது.

ஆய்வகத்தாள்

சோதனை எதைச் சொல்லும் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடை தரவில்லை. இந்தச் சோதனையைக் கையால் செய்கிற ஆள் என்பதால், மேசைமீது நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

ஆல்பா சைனூக்ளின் எல்லோருடைய மூளையிலும் இருக்கிற புரதம்தான். 1997இல்தான் இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தன: அதன் மரபணுவில் ஏற்படும் பிழை சில குடும்பங்களில் பார்க்கின்சனை உண்டாக்குகிறது என்பது ஒன்று, பார்க்கின்சன் மூளைகளில் 1912இலேயே ஃபிரெட்ரிக் லூயி கண்டு வரைந்த கட்டிகள் பெரும்பாலும் இந்தப் புரதத்தால் ஆனவை என்பது மற்றொன்று. பிழையாக மடிந்த ஒரு புரதம், பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் தன்னைப்போலவே மடியவைக்கிறது. தயிர் உறைகூட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளி உறை போதும், பால் முழுவதும் தயிராகிவிடும்.

விதைப் பெருக்கச் சோதனை இந்தக் குணத்தையே பயன்படுத்துகிறது. 96 குழிகள் கொண்ட தட்டில், ஆய்வகத்தில் தயாரித்த நல்ல சைனூக்ளினையும், புரத இழைகளோடு ஒட்டினால் ஒளிரும் தயோஃப்ளேவின் என்ற சாயத்தையும் இட்டு, நோயரின் முதுகுத்தண்டு நீரைச் சில மைக்ரோ லிட்டர் சேர்க்கிறோம். பிறகு கருவி தட்டைக் குலுக்கும், நிறுத்தும், மீண்டும் குலுக்கும். முறையைப் பொறுத்து இரண்டு நாள் முதல் ஆறு நாள் வரை இது நடக்கும். நீரில் உருக்குலைந்த புரதம் ஒரு துளி இருந்தாலும் திரையில் தட்டையாக ஓடிக்கொண்டிருந்த கோடு ஒரு கட்டத்தில் சரேலென்று மேலே ஏறும். இல்லையென்றால் கடைசிவரை தட்டையாகவே ஓடும்.

ஒருவருடைய மாதிரியைப் பெரும்பாலும் மூன்று குழிகளில் இடுவோம். மூன்றும் ஏறினால் நேர்மறை, மூன்றும் ஏறாவிட்டால் எதிர்மறை. ஒன்று மட்டும் ஏறி இரண்டு படுத்துக் கிடந்தால்? மறுபடியும் செய்வோம், அப்போதும் அப்படியே வந்தால் ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று எழுதுவோம். இந்த மூன்றாவது விடைக்குப் படிவத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதிரியில் இரத்தம் கலந்திருந்தால் முடிவு கெட்டுப்போகும். அதனால்தான் முதலில் வரும் நீரைச் சிறிதளவு ஒதுக்கிவிட்டு, அடுத்து வருவதைப் பிடிப்பார்கள்.

இங்கே முக்கியமானது ஒன்று. கோடு ஏறியதா என்பது ‘ஆம், இல்லை’ என்ற வகை விடை. எத்தனை ஆண்டுகளில் நோய் வரும், எவ்வளவு கடுமையாக வரும், கைநடுக்கமாக வருமா நினைவுத் தடுமாற்றமாக வருமா என்பதை இன்றைய நிலையில் அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பார்க்கின்சனுக்கும் ஏறும், லூயி பாடி டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கும் ஏறும். உங்கள் அண்ணனின் படிவத்தில் ‘பார்க்கின்சன் சோதனை’ என்று எழுதியிருந்தால் அந்தப் பெயரே அரைகுறை.

முன்னறி

இவ்வளவு துல்லியமான சோதனை கைக்கு வந்தபின் ஏன் இத்தனை தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை. பிபிஎம்ஐ எனப்படும் பன்னாட்டு ஆய்வு 2023இல் 1123 பேரிடம் நடத்திய சோதனையில், நோயுள்ளவர்களில் 87.7 சதவீதத்தினரைச் சரியாகப் பிடித்தது. நலமாக இருந்தவர்களில் 96.3 சதவீதத்தினரைச் சரியாக விடுவித்தது. தந்தைக்கு நோய் இருந்ததால் கருவிழியும் செய்துகொள்ள வேண்டும் என்பேன். 50 வயதைக் கடந்த எல்லோருக்கும் இதைச் செய்தால் நோய் முற்றுவதற்கு முன்பே பிடித்துவிடலாமே. கைநடுக்கம் தெரியும் நாளில், உடலியக்கத்துக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருளைத் தரும் நரம்பணுக்களில் பாதியளவு அழிந்துவிட்டிருக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கணக்கன்

முன்னறி நண்பரே, நீங்கள் கொடுத்த இரண்டு எண்களை வைத்தே கணக்குப் போடுவோம். கருவிழி கணித ஆசிரியர், பிழை இருந்தால் திருத்துவார்.

60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குப் பார்க்கின்சன் இருக்கிறது. பெற்றோருக்கு நோய் இருந்தால் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய பிள்ளைகள் 1000 பேரைச் சோதித்தால், நோய் உள்ள 20 பேரில் 17 அல்லது 18 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 980 பேரில் 3.7 சதவீதம், அதாவது 36 பேரும் சேர்ந்து பிடிபடுவார்கள். நேர்மறை என்று கடிதம் பெறும் 54 பேரில் மூவருக்கு ஒருவர்தான் உண்மையான நோயர். மற்ற இருவரும் வராத நோயை நினைத்து, தேநீர்க் கோப்பை தளும்பும்போதெல்லாம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது அண்ணனின் நிலையில் இருக்கும் 1000 பேரை எடுப்போம்; அவர்களில் 700 பேர் நோயை நோக்கிச் செல்பவர்கள் என்று கொள்வோம். 614 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், தவறாக மாட்டுபவர்கள் 11 பேர்தான். நேர்மறை என்றால் ஏறக்குறைய நம்பலாம். ஆனால் எதிர்மறையைப் பாருங்கள்: தவறவிடப்பட்ட 86 பேர், சரியாக விடுவிக்கப்பட்ட 289 பேர். ‘உங்களுக்கு இல்லை’ என்று மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் 375 பேரில் 86 பேர் ஏமாறுவார்கள். ஒரே சோதனை, ஒரே தட்டு, ஒரே ஆய்வகம். தங்கைக்கு அதன் ‘ஆம்’ நம்பத்தகாதது, அண்ணனுக்கு அதன் ‘இல்லை’ நம்பத்தகாதது.

700 என்பது விளக்கத்துக்காக நான் வைத்த எண். மேலும், ‘தவறாகப் பிடிபட்டவர்கள்’ எல்லோரும் உண்மையில் தவறு என்றும் சொல்ல முடியாது. சுவீடனின் பயோஃபைண்டர் ஆய்வில், நினைவிலோ இயக்கத்திலோ எந்தக் குறையும் இல்லாத 1182 பேரில் 8 சதவீதத்தினருக்கு இந்தப் புரதம் நேர்மறையாக இருந்தது. அவர்களில் பலர் நோய் வெளிப்படும் முன்பே வேறு காரணத்தால் வாழ்ந்து முடித்துவிடக்கூடும். அவர்களை நோயர் என்பதா, நலமானவர் என்பதா?

கருவிழி

கணக்கு சரி. 36.26ஐ 36 என்று கீழ்நோக்கி முழுமையாக்கியிருக்கிறீர்கள், அதனால் விடை மாறவில்லை. எனக்காக நான் இந்தச் சோதனையை நாடப்போவதில்லை என்பது மட்டும் இப்போது தெளிவு.

முன்னறி

ஒப்புக்கொள்கிறேன், எல்லோருக்கும் என்று சொன்னது அவசரம். ஆனால் கணக்கனின் கடைசிக் கேள்விக்கு 2024இலேயே விடை வந்துவிட்டதே. அறிகுறி இல்லாவிட்டாலும் சைனூக்ளின் நேர்மறையாக இருந்தால் அது நோயின் முதல் நிலை என்று ஆய்வாளர்கள் புதிய நிலைப் பகுப்பை வெளியிட்டார்கள். புரதம் மட்டும் என்றால் 1ஏ. டோபமின் குறைவும் படத்தில் தெரிந்தால் 1பி. நுண்ணிய அறிகுறிகள் தொடங்கினால் 2. அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டால் 3 முதல் மேலே. நோய்க்கு இரத்தச் சர்க்கரையைப் போல ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது என்றே சொல்வேன்.

மூன்றாம்படி

அந்தப் பகுப்பை வெளியிட்டவர்களே இது ஆய்வுக்கு மட்டும், மருத்துவ அறைக்கு அல்ல என்று எழுதியிருக்கிறார்கள். இரத்தச் சர்க்கரை ஒப்பீடும் பொருந்தாது. சர்க்கரை கூடியிருந்தால் குறைக்க வழி இருக்கிறது.

என் கதையைச் சொன்னால் நான் ஏன் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன் என்று புரியும். என் தாய்க்குப் பார்க்கின்சன். மரபணுச் சோதனையில் எனக்கு எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் ஜி2019எஸ் என்ற மாற்றம் இருப்பது தெரிந்தது. அன்று நான் கேட்ட முதல் கேள்வி, “அப்படியானால் எனக்கு எப்போது வரும்?” என்பது. ஆலோசகர், “வருமா என்று முதலில் கேளுங்கள்” என்றார். இந்த மாற்றத்தைச் சுமப்பவர்களில் 80 வயதுக்குள் நோய் வருபவர்கள் நூற்றுக்கு 25 முதல் 42 வரை என்று வெவ்வேறு கணக்குகள் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டோர் வராமலே வாழ்கிறார்கள். பரம்பரையாக வரும் மூளை நோயான ஹன்டிங்டன் நோய்க்கான மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பிழை முழு அளவில் இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. அந்த நோய்க் குடும்பங்களில்கூடச் சோதித்துக்கொள்ள முன்வருபவர்கள் சிறுபான்மையினரே. உறுதியைக் கொடுக்கும் சோதனைக்கே இவ்வளவு பேர் விலகி நிற்கும்போது, உறுதியைக் கொடுக்காத சோதனைக்கு வரிசையில் நிற்கச் சொல்வது எனக்குப் பொருந்தவில்லை.

அதற்குப் பிறகு நான் முதுகுத்தண்டு நீரும் கொடுத்தேன். எதிர்மறை. பெருமூச்சு விட்டேன், வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். பிறகுதான் படித்தேன்: எல்ஆர்ஆர்கே2 மாற்றத்தோடு நோய் முழுமையாக வந்துவிட்டவர்களிலேயே, முன்னறி குறிப்பிட்ட அதே 2023 ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கினருக்குத்தான் சோதனை நேர்மறை. அவர்களில் மோப்பம் குறையாதவர்களிடம் அது 35 சதவீதமாகச் சரிந்துவிடுகிறது. இந்த மரபணு வகையில் லூயி கட்டிகளே இல்லாமல் நரம்பணுக்கள் சாகும் நோயர்களும் இருக்கிறார்கள். ஆகவே என் ‘எதிர்மறை’க்கு என்ன பொருள் என்பது சோதிப்பதற்கு முன்பு எனக்குத் தெரியாதிருந்ததைப் போலவே இப்போதும் தெரியாது. முடிவை வாங்கியதில் வருத்தமில்லை. அதன் பொருளைக் கேட்காமல் வாங்கியதில் வருத்தம் உண்டு.

கருவிழி, உங்கள் தந்தைக்கு மரபணுச் சோதனை நடந்ததா? ஜிபிஏ1 மரபணு மாற்றம் பார்க்கின்சன் நோயரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேரிடம் இருக்கிறது. அண்ணனின் நிலையில் அது அறியத்தக்கது. ஆனால் அந்த முடிவு அவரோடு நில்லாமல் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் சேர்த்துத் தொடும். முதுகுத்தண்டு நீரில் அந்தச் சிக்கல் இல்லை.

ஒருவழி

முதுகில் ஊசி என்றாலே அச்சமாக இருக்கிறது. இரத்தத்திலோ தோலிலோ பார்க்க முடியாதா?

ஆய்வகத்தாள்

தோலில் பார்க்கலாம். கழுத்தின் பின்புறம், தொடை, கால் ஆகிய மூன்று இடங்களில் சில மில்லிமீட்டர் அகலத் துண்டை எடுத்து, நரம்பிழைகளில் பாஸ்பேட் ஏறிய சைனூக்ளின் படிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2024இல் வெளியான 428 பேரின் ஆய்வில், பார்க்கின்சன் உள்ளவர்களில் 92.7 சதவீதத்தினருக்கும் நலமானவர்களில் 3.3 சதவீதத்தினருக்கும் நேர்மறையாக வந்தது. ஆனால் அது ஏற்கெனவே நோய் வந்தவர்களிடம் செய்த ஆய்வு. முன்கூட்டிச் சொல்வது வேறு வேலை.

இரத்தத்தில் எட்டுப் புரதங்களின் சேர்க்கையைப் பார்த்து, தூக்கக் கோளாறு உள்ளவர்களிடம் ஏழாண்டு முன்பே நோயைக் கணித்ததாக 2024இல் ஒரு குழு அறிவித்தது. 72 பேர்தான், பெரிய எண்ணிக்கையில் திரும்பச் செய்து காட்டும்வரை நான் நம்பிக்கையோடு காத்திருக்கிறேன், அவ்வளவே. சைனூக்ளினை நேரடியாக இரத்தத்தில் அளப்பதில் வேறு தொல்லை: இரத்தத்திலுள்ள அந்தப் புரதத்தில் ஏறக்குறைய முழுவதும் சிவப்பணுக்களுக்குள்தான் இருக்கிறது. மாதிரியில் சில சிவப்பணுக்கள் உடைந்தாலே அளவு தாறுமாறாகிவிடும்.

நடைபயணி

நான் ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்கின்சன் உள்ளவன். நோய் கண்டறியப்படுவதற்குப் பத்தாண்டு முன்பே என் மூக்கு போய்விட்டது. பால் அடுப்பில் தீய்ந்து கரும்புகை எழுந்தபோது, பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. அடுத்த அறையிலிருந்து மனைவி ஓடிவந்தார். சளித்தொல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

அன்றே எனக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நாளுக்கொரு விடை வருகிறது. உடற்பயிற்சியை அன்றே தொடங்கியிருப்பேன் என்பது ஒரு விடை. இப்போது நடையும் சைக்கிளும் எனக்கு மாத்திரைக்கு அடுத்தபடியாக உதவுகின்றன. ஆனால் அது நோயையே தடுத்திருக்குமா என்று எந்த மருத்துவரும் எனக்கு உறுதி சொல்லவில்லை. அந்தப் பத்தாண்டுகளில்தான் வேலையில் உயர்ந்தேன், மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தேன், ஒரு மலைப்பயணம் போனேன் என்பது இன்னொரு விடை. அந்தப் பத்தாண்டுகளை நோயராக வாழ்ந்திருப்பேனே என்று தோன்றும்போது, தெரியாமல் இருந்ததற்கு நன்றி சொல்லிக்கொள்வேன்.

இந்த நோயின் ஓட்டத்தை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. சைனூக்ளினைக் குறிவைத்த சினபனெமாப் என்ற எதிர்ப்பொருளின் ஆய்வை 2021இல் கைவிட்டார்கள். பிரசினெசுமாப் என்ற மற்றொன்றும் 2022இல் வெளியான முடிவில் முதன்மை இலக்கை எட்டவில்லை. இவற்றையெல்லாம் நோய் வந்த பிறகு கொடுத்துப் பார்த்ததுதான் தவறு, முன்பே கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அப்படிக் கொடுத்துப் பார்க்க வேண்டுமானால் கருவிழியின் அண்ணனைப் போன்றவர்கள்தாம் முன்வர வேண்டும். அவர் நீர் கொடுப்பதற்கு என் நன்றி. முடிவைக் கேட்பதும் கேட்காததும் அவர் உரிமை. நான் எந்தப் பக்கமும் சொல்லமாட்டேன்.

கருவிழி

அண்ணனிடம் பேசிவிட்டேன். தெளிநீர் ஐயா தம் மருத்துவ அறையில் கேட்பதாகச் சொன்ன கேள்வியையே கேட்டேன்: “இதைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாய்?”

நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்பாவின் நோயோடு இதற்குத் தொடர்பு இருக்கும் என்று தூக்க ஆய்வு நடந்த அன்றே ஊகித்துவிட்டதாகச் சொன்னார். “எண் ஏதாவது இருந்தால் அதை நீயே வைத்துக்கொள். செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் சொல்லு” என்றார். இப்படி ஒரு நான்காவது கட்டம் படிவத்தில் இல்லை. எண் வேண்டாம், ஆனால் வேலை வேண்டும் என்கிறவருக்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவது?

தந்தைக்கு மரபணுச் சோதனை நடக்கவில்லை. அதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.

தெளிநீர்

இந்த முறை கேட்டதற்கு மட்டும் விடை சொல்கிறேன்.

செய்ய வேண்டியவை: கட்டிலோர மேசையை அகற்றுங்கள், கூர்முனைகளை மூடுங்கள், வேண்டுமானால் தரையில் மெத்தை விரித்துக்கொள்ளட்டும். மெலடோனின் அல்லது குளோனசெபாம் பற்றி மருத்துவரிடம் பேசட்டும். கனவு நடிப்பைக் குறைக்க இவை இரண்டும் பழக்கத்தில் உள்ளன. மலச்சிக்கல் இருந்தால் கவனிக்கட்டும். மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி செய்யட்டும். ஆண்டுக்கொருமுறை நரம்பியல் மருத்துவரிடம் காட்டட்டும். இவற்றில் ஒன்றுகூட முதுகுத்தண்டு நீரின் முடிவால் மாறப்போவதில்லை.

அந்த ஆண்டுச் சந்திப்பில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: விரல்களை வேகமாகத் தட்டுவது, சிறு குச்சிகளைத் துளைப்பலகையில் செருகுவது, எழுந்து நடந்து திரும்பி அமர்வது ஆகியவற்றை நேரம் குறித்துப் பார்க்கும் சோதனை. நான் முதலில் குறிப்பிட்ட 2019 ஆய்வில், இத்தகைய எளிய இயக்கச் சோதனைகளில் தடுமாறியவர்களிடம் நோய் வெளிப்படும் வேகம் மூன்று மடங்காக இருந்தது. கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் டோபமின் ஸ்கேனில் குறை தெரிந்தவர்களிடம் அது இரண்டு மடங்குதான். ‘எப்போது’ என்ற கேள்விக்கு, குச்சியும் பலகையும் வைத்திருக்கிற மருத்துவர் கொஞ்சமாவது விடை சொல்ல முடியும்.

படிவத்தில் ‘பின்னர்’ என்ற கட்டம் இருப்பதாகச் சொன்னீர்கள். பின்னர் என்றால் எதுவரை, யாரிடம் கேட்க வேண்டும், கேட்கும் நாளில் ஆலோசகர் உடனிருப்பாரா, முடிவு அவருடைய பொது மருத்துவப் பதிவேட்டில் ஏறுமா என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். பதிவேட்டில் ஏறிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும்போது மறைக்க முடியாத நிலை சில நாடுகளில் உண்டு.

கருவிழி

நான்கையும் கேட்டு எழுதி வாங்கிவிட்டேன். ஆய்வு முடியும்வரை எந்தச் சந்திப்பிலும் கேட்கலாம், ஆலோசகர் உடனிருப்பார், அண்ணன் கேட்காதவரை பதிவேட்டில் ஏறாது. ‘பின்னர் முடிவு செய்கிறேன்’ என்பதில் அவரே குறியிட்டார். அடுத்த வாரம் நீர் எடுக்கிறார்கள். எண்ணை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். அது அவ்வளவு எளிதாக இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். ஊசிக்குப் பிறகு தலைவலி வரும் என்கிறார்களே, உண்மையா? அவர் பின்னர் எப்போதாவது கேட்டால், அந்தப் பழைய நீரை வைத்தே சொல்ல முடியுமா?

ஆய்வகத்தாள்

தலைவலி சிலருக்கு வரும். எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். முனை மழுங்கிய மெல்லிய ஊசியைப் பயன்படுத்தினால் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. அந்த வகை ஊசியா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில நாளில் தணியாவிட்டால் அவர்களிடமே திரும்பப் போகட்டும், அதற்கு மருத்துவம் இருக்கிறது.

நீரைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். புரதம் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கண்ணாடியைத் தவிர்த்து பாலிப்ரோப்பிலீன் குழாயில் பிடிப்போம். உறைந்து உருகி உறைந்தால் கெடும் என்பதால் அரை மில்லி அளவுள்ள சிறு குப்பிகளாகப் பிரித்து, சுழியத்துக்குக் கீழே 80 பாகையில் வைப்போம். குப்பியின்மேல் பெயர் இருக்காது, ஒரு பட்டைக்குறி மட்டும் இருக்கும். ஒரு குப்பியை எடுத்தால் மற்றவை உறைந்தபடியே இருக்கும். ஐந்தாண்டு கழித்துக் கேட்டாலும் இன்னொன்றை எடுத்துச் சோதிக்கலாம், அதற்குள் இதைவிட நல்ல சோதனை வந்திருந்தால் அதிலும் இடலாம்.